பூட்டிய பீரோவும் ஹோஷங்காபாத் ஆசிரியர்களும்

நான் படித்த கிராமத்துப் பள்ளியில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கண்ணாடிக் கதவு போட்ட பீரோ ஒன்று இருந்தது. அதனுள் ஒரு பூதக்கண்ணாடியும், சில சோதனைக் குழாய்களும், பித்தளைத் தராசு ஒன்றும், லாட காந்தம் ஒன்றும் தூசி படிந்து கிடந்தன. நான் அங்கே இருந்த மூன்று வருஷங்களில் அதன் பூட்டைத் திறந்து ஒரு முறையும் பார்த்ததில்லை. இதன் காரணமாக எங்கள் விஞ்ஞான ஆசிரியர் மீது வெகுகாலம் மனத்தாங்கல் கொண்டிருந்தேன். ஒரு குழாய் உடைந்தாலும் இருப்புப் பதிவேட்டுக்கு அவரே பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதும், அவருடைய பயிற்சிக் காலத்தில் அவரையும் யாரும் எதையும் கையால் செய்து பார்க்க விடவில்லை என்பதும் பின்னாளில்தான் எனக்கு விளங்கின.

கிராமப் பள்ளிகளுக்கு விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆள் கிடைப்பதில்லை என்னும் முறையீடு எழும்போதெல்லாம், தேர்வு நடத்தி நியமன உத்தரவு கொடுப்பதோடு கடமை தீர்ந்ததாக நாம் எண்ணிவிடுகிறோம். நியமனம் அவசியம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தம் பாடத்தைப் பற்றிப் பேச அக்கம்பக்கத்தில் ஒரு ஜீவனும் இல்லாத ஊரில், வகுப்பில் எழுந்த சந்தேகத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தனித்து நிற்கும் ஓர் இளைஞர், அடுத்த மே மாதம் பணிமாறுதல் கலந்தாய்வில் வரிசையில் நின்றால் அவரைக் கடமையுணர்ச்சி இல்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையிலுள்ள ஹோஷங்காபாத் ஜில்லாவில், இன்று நர்மதாபுரம் என வழங்கும் அந்த ஜில்லாவில், 1972-ஆம் ஆண்டு 16 அரசாங்க நடுநிலைப் பள்ளிகளில், விஞ்ஞானத்தைப் பரிசோதனை வழியாகக் கற்பிக்கவும் அதற்கு ஆசிரியர்களுக்குத் துணை நிற்கவும் ஒரு முயற்சி தொடங்கியது. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாக இருந்த அனில் சத்கோபால் அந்த உத்தியோகத்தைத் துறந்து வந்து நிறுவிய கிஷோர் பாரதியும், ரசூலியாவில் குவேக்கர் மரபினர் நடத்திய ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டரும் அரசாங்கத்தின் சம்மதத்தோடு அதை மேற்கொண்டன. பெரிய பட்டம் பெற்ற புதிய ஆசிரியர்களை அவர்கள் தேடிப் போகவில்லை. அங்கேயே பணி செய்துகொண்டிருந்தவர்களை, கல்லூரியில் விஞ்ஞானம் படிக்காத பலர் உள்பட, அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

கோடை விடுமுறையில் மூன்று வார காலம் அந்த ஆசிரியர்கள் தாமே மாணவர்களாகி, நால்வர் நால்வராக அமர்ந்து, குழந்தைகள் செய்ய வேண்டிய பரிசோதனைகளைத் தம் கையாலேயே செய்தார்கள். பூவைப் பிரித்துப் பார்த்தார்கள், விதை முளைப்பதைக் குறித்து வைத்தார்கள், வயல் மண்ணைக் கரைத்துச் சோதித்தார்கள். ஒரே மேஜையைப் பத்துப் பேர் அளந்தால் பத்து விடைகள் வருவானேன், அவற்றுள் எதை நம்புவது என்ற கேள்வி, புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையையே பிரமாணமாகக் கொண்டு வாழ்ந்த ஓர் ஆசிரியரை எவ்வளவு தூரம் அசைத்திருக்கும் என்பதை ஆசிரியத் தொழில் அறிந்தவர்கள் உணர்வார்கள். நாணயத்தை மீண்டும் மீண்டும் சுண்டிக் குறித்து, வகுப்பு முழுவதன் கணக்கையும் கூட்டிப் பார்த்து நிகழ்தகவைக் கற்பிக்கும் பாடமும் அங்கே இருந்தது. டில்லி சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கூடவே விடை தேடினார்கள்.

பயிற்சி அந்த மூன்று வாரத்தோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது. மாதந்தோறும் ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி, வகுப்பில் எந்தப் பரிசோதனை பலிக்கவில்லை, எந்தக் குழந்தை என்ன கேட்டது என்று பேசினார்கள். அனுபவம் பெற்றவர்கள் பிற பள்ளிகளுக்குச் சென்று துணை நின்றார்கள். அவர்கள் சொன்னவற்றைக் கொண்டு 'பால் வைஞ்ஞானிக்' என்னும் பாடநூல்களே திருத்தி எழுதப்பட்டன. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே மாணவர்கள் விடை எழுதினார்கள். 1978-இல் மோட்டார் தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த இஞ்சினீயர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்து காட்டியதும் இந்தச் சூழலில்தான். உடைந்தால் யாரும் பயப்பட வேண்டாத, சந்தையில் வாங்கக்கூடிய கருவிகள் அவை.

1978-இல் அந்த முயற்சி ஜில்லா முழுவதற்கும் பரவிற்று. 1982-இல் அதை நடத்திச் செல்ல ஏகலவ்யா என்ற அமைப்பு தோன்றியது. முப்பது ஆண்டுகள் நடந்ததை 2002-இல் மாநில அரசாங்கம் நிறுத்திவிட்டது. அது பெரும் பிழை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஒரு தலைமுறை ஆசிரியர்கள் சேர்த்து வைத்த அனுபவத்தை ஓர் உத்தரவால் கலைத்தது எவ்விதத்திலும் நியாயமாகாது.

அந்த ஏற்பாட்டில் நம்மால் செய்ய முடியாதது எதுவும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களை நான் ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: உங்கள் ஊர் விஞ்ஞான ஆசிரியரும் கணித ஆசிரியரும் பக்கத்து ஊர் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடத்தைப் பற்றிப் பேச மாதம் ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள், உடைந்த சோதனைக் குழாயின் விலையை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம் என்பதையும் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.