எப்படி இயங்குகிறது? உலகத்தின் உக்கிராண அறை

ஒரு கூட்டுக்குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிகள் பலர், சமையலறை ஒன்று. அதை ஒட்டி உக்கிராண அறை, உள்ளே பெரிய நெற்குதிர். அறுப்பு முடிந்ததும் ஆளுக்கு இத்தனை மூட்டை என்று குதிரில் கொட்ட வேண்டும். யாருக்காவது விளைச்சல் பொய்த்தால் அதிலிருந்து அளந்து கொடுப்பார்கள். கூடவே, “இந்த வருஷம் பாயசம் கிடையாது, எண்ணெயைக் குறை” என்று கண்டிஷனும் போடுவார்கள். கொட்டிய மூட்டைக்கு ஏற்பத்தான் பேச்சுக்கு மதிப்பு. சாவிக்கொத்து பெரியண்ணி இடுப்பில்.

சர்வதேச நாணய நிதியம் என்கிற ஐ.எம்.எஃப். இயங்குவது இப்படித்தான். மேற்கு நாடுகளின் ஆதிக்கம் சரிகிறதா என்று தெரிந்துகொள்ளப் போர்க்கப்பல்களை எண்ண வேண்டியதில்லை. இந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

குதிர் வைத்தது 1944 ஜூலையில். அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடின. பிரிட்டிஷ் இந்தியாவின் குழுவில் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார்; சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனாரே, அவரேதான். யார் எத்தனை மூட்டை கொட்டுவது என்பதற்குக் கோட்டா என்று பெயர். மொத்தம் 880 கோடி டாலர். அதில் அமெரிக்கா 275 கோடி, பிரிட்டன் 130 கோடி, இந்தியா 40 கோடி.

இந்தக் கணக்கு வந்த விதம் சுவையானது. அமெரிக்கக் கருவூலத்தில் ரேமண்ட் மிக்செல் என்ற இளம் பொருளாதார நிபுணர் இருந்தார். அவரை 1943இல் அழைத்தார் அதிகாரி ஹாரி டெக்ஸ்டர் ஒயிட். அமெரிக்காவுக்குச் சுமார் 290 கோடி வர வேண்டும். பிரிட்டனுக்கும் அதன் காலனிகளுக்கும் சேர்த்து அதில் பாதி. சோவியத் யூனியன் அதற்குச் சற்றுக் கீழே, சீனா அதற்கும் கீழே. இந்த விடை வருகிற மாதிரி ஒரு சூத்திரம் போட்டுக்கொடு என்றார். மிக்செல் தேசிய வருமானம், தங்க இருப்பு, ஏற்றுமதி, இறக்குமதி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துப் போட்டுக்கொடுத்தார். பின்னாளில் இதை அவரே எழுதியும் வைத்தார். விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பிறகு எழுதிய கணக்கு அது. இன்றைக்கும் கோட்டா பற்றிய பேச்சில் “சூத்திரப்படி” என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அடுத்தது பூட்டு. இந்த வீட்டில் பங்கை மாற்றி எழுதுவது போன்ற பெரிய முடிவுகளுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. மொத்த வாக்கில் 85 சதவீதம் வேண்டும். அமெரிக்காவின் கையில் இப்போது சுமார் 16.5 சதவீதம். மீதி எல்லா நாடுகளும் ஒன்றாகக் கை தூக்கினாலும் 83.5தான். தொடக்கத்தில் இந்த வரம்பு 80 சதவீதமாக இருந்தது. பிறகு 85 ஆனது. அதனால்தான் அமெரிக்காவின் வாக்கு 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகும் தடுக்கும் அதிகாரம் போகவில்லை. மூட்டை குறைந்தது, சாவி நகரவில்லை.

இதற்குள் நிலபுலன் மாறிவிட்டது. வாங்கும் திறன் கணக்கில் சீனப் பொருளாதாரம் அமெரிக்காவை முந்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் குதிரில் சீனாவின் பங்கு சுமார் 6.4 சதவீதம், இந்தியாவுடையது சுமார் 2.75. இவ்வளவு கிடைத்ததே இழுபறிக்குப் பிறகுதான். 2010இல் ஒப்புக்கொண்ட சீர்திருத்தத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தலையசைத்தது 2015 டிசம்பரில். அது நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில். 2023 டிசம்பரில் இன்னொரு முடிவு எடுத்தார்கள்: எல்லாருடைய கோட்டாவும் 50 சதவீதம் உயரும். தாராளமாகத்தான் தெரியும். எல்லாரும் ஒரே விகிதத்தில் கூடுதலாகக் கொட்டினால் யாருடைய பங்கும் மாறாது என்பது சமையலறையில் நிற்கும் எவருக்கும் புரியும்.

பரிமாறும் கரண்டி விஷயமும் அப்படியே. ஐ.எம்.எஃப். தலைமைப் பொறுப்பில் இதுவரை ஐரோப்பியர்கள் மட்டுமே அமர்ந்திருக்கிறார்கள். உலக வங்கிக்கு அமெரிக்கா சொல்லும் ஆள். 2023இல் வந்த அஜய் பங்கா இந்தியாவில் பிறந்தவர் என்று நாம் கொண்டாடினோம். வந்ததென்னவோ அமெரிக்கக் குடிமகனாக, அமெரிக்கா முன்மொழிந்த பெயராக.

இப்படி இருந்தால் தம்பிகள் என்ன செய்வார்கள்? வீட்டை விட்டுப் போக மாட்டார்கள். கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு மூட்டுவார்கள். பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கி 2015இல் ஷாங்காயில் தொடங்கியது. நிறுவிய ஐந்து நாடுகளுக்கும் சம பங்கு, யாருக்கும் தனித் தடுப்பதிகாரம் இல்லை. 2016 ஜனவரியில் பெய்ஜிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி வந்தது. அமெரிக்கா முகம் சுளித்தும் பிரிட்டன் அதில் சேர்ந்தது. ஆனால் அங்கே பெரிய முடிவுக்கு 75 சதவீதம் வேண்டும். சீனாவிடம் 26 சதவீதத்துக்குச் சற்று மேல். பூட்டின் அச்சு அதேதான், இடுப்புதான் வேறு.

தனி அடுப்புக்கும் விறகு பெரிய வீட்டிலிருந்துதான் வருகிறது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் மேற்கு நாடுகள் அதன் வெளிநாட்டுக் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலரை முடக்கின. 2022 மார்ச்சில் புதிய வளர்ச்சி வங்கியும் ரஷ்யாவில் புதிய பரிவர்த்தனைகளை நிறுத்திவைத்தது. ரஷ்யா அதன் நிறுவன உறுப்பினர். டாலர் சந்தையில் கடன் திரட்டும் வங்கி வேறென்ன செய்ய முடியும்?

அப்படியானால் எதுவும் மாறவில்லையா? மாறியிருக்கிறது. அதைக் கிட்டத்தில் பார்த்தது இலங்கை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் ஐ.எம்.எஃப். அதிகாரிகள் மட்டத்தில் உடன்பாடு கண்டார்கள். பணம் வரவில்லை. பழைய காலமாக இருந்தால், கடன் கொடுத்த பணக்கார நாடுகள் பாரிஸ் கிளப் என்ற பெயரில் ஒரே மேசையில் உட்கார்ந்து முடித்திருக்கும். இப்போது கடன் கொடுத்த பெரிய கைகளில் அந்தக் கிளப்புக்கு வெளியே இருக்கும் சீனாவும் இந்தியாவும் உண்டு. அவை எழுதித் தராமல் உக்கிராணம் திறக்காது. இந்தியாவின் உறுதிக் கடிதம் 2023 ஜனவரியில் போனது. சீனாவின் திருப்தியான கடிதம் மார்ச்சில்தான் வந்தது. மார்ச் 20 அன்று சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்புதல். இடைப்பட்ட ஆறு மாதத்துக்கும் மேல் கொழும்பு காத்திருந்தது.

பிறகும் மேசை ஒன்றாகவில்லை. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் கூட்டுத் தலைமையில் ஒரு குழு, சீனா தனியாக. 2024 ஜூன் 26 அன்று ஓர் ஒப்பந்தம் பாரிஸிலும், சீன எக்ஸிம் வங்கியுடன் மற்றொன்று பெய்ஜிங்கிலும் கையெழுத்தாயின. இரண்டு அடுப்பு இருப்பதால் பசித்தவனுக்குச் சோறு சீக்கிரம் கிடைக்கும் என்று நம்பியவர்களுக்கு இலங்கையின் அனுபவம் நல்ல பதில்.

ஐ.எம்.எஃப். தன் உறுப்பு நாடுகளின் வாக்குப் பட்டியலை இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மேற்கின் காலம் முடிந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால், அந்தப் பட்டியலில் அமெரிக்காவின் எண் 15க்குக் கீழே போய்விட்டதா என்று கேளுங்கள். இன்னும் போகவில்லை.