தோலும் வழிவிடும்
சங்கங்களைப் பார்வையிடச் செல்கையில், பூச்சிமருந்தை வெறுங்கையால் கலக்கும் அங்கத்தினர் பலரை நாம் காண்கிறோம். “வாயில் பட்டால்தானே விஷம்?” என்பர். அது தவறு. தோலின் மேற்புறம் இறந்த உயிரணுக்களும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய சுவர். நீரைப் பெரும்பாலும் தடுக்கும் அச்சுவர், கொழுப்பில் கரையும் மருந்துக்கு இடங்கொடுத்துவிடும். எங்கும் ஒரே அளவிலும் அன்று. இன்று நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ள பாரத்தியானைப் பற்றி 1971-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்கையில் தடவியதில் சுமார் 9 சதவீதமே உடலிற் சேர்ந்தது, தலைத்தோலில் 32, விதைப்பையிலோ ஏறக்குறைய முழுவதும். மருந்தில் நனைந்த வேட்டியோடு மாலைவரை வயலில் நிற்போர் இதனைக் கவனிப்பாராக. கண்ணில் விழுந்ததோ, கண்ணீர் வடியும் வழியே மூக்கிலிறங்கி இரத்தத்திலும் கலக்கும். தெறித்தவுடன் 15 நிமிடம் நல்ல நீரால் கண்ணைக் கழுவுக. நனைந்த துணியைக் களைந்து, சோப்பிட்டுக் குளித்து, மருந்துப் புட்டியின் சீட்டுடன் மருத்துவரிடம் செல்லுக.