‘டாமி ஜான் சர்ஜரி’ என்றால் என்ன? 31 வயதில் ‘அவ்வளவுதான்’ என்ற நிலையிலிருந்து 46 வயது வரை ஆடிய பிட்சர்!

பேஸ்பால் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர், ‘டாமி ஜான் சர்ஜரி’. ஜப்பான் நட்சத்திரம் ஷோஹெய் ஒடானியும் 2018-ல் இதைச் செய்துகொண்டவர்தான். டாமி ஜான் என்பது டாக்டரின் பெயர் என்று நினைத்தால், அதுதான் இல்லை. அவர் பேஷன்ட்!

என்ன நடந்தது?

1974 ஜூலை 17. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடது கை பிட்சர் டாமி ஜான் அந்த சீசனில் செம ஃபார்ம். 13 வெற்றி, 3 தோல்வி. மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பந்து வீசும்போது, அவரது இடது முழங்கை லிகமென்ட் கிழிந்தது.

அது ஏன் பெரிய பிரச்சினை?

கிரிக்கெட் பவுலர் கையை நீட்டிச் சுழற்றுவார். பேஸ்பால் பிட்சரோ முழங்கையை மடக்கி, சாட்டை மாதிரி வீசுவார். அந்த இழுவையைத் தாங்குவது, மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் ‘யு.சி.எல்’ என்ற லிகமென்ட். அந்தக் காலத்தில் அது போனால் கரியரும் போச்சு.

டாக்டர் என்ன செய்தார்?

1974 செப்டம்பர் 25-ல் டாட்ஜர்ஸ் அணியின் டாக்டர் ஃபிராங்க் ஜோப், ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்தார். இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, அதில் கோத்துக் கட்டினார். மீண்டும் ஆட நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்பது அவரது கணிப்பு. பிறகு நரம்பு பாதிப்பு வேறு, இன்னொரு சர்ஜரி. 1975 சீசன் முழுவதும் ஜான் களமிறங்கவே இல்லை.

திரும்பி வந்தாரா?

வந்தார். 1976-ல் மீண்டும் களம். 1977-ல் 20 வெற்றிகள். அடுத்து நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போய் 1979-ல் 21, 1980-ல் 22. கடைசி ஆட்டம் 1989-ல், 46 வயதில். மொத்தம் 288 வெற்றிகள். அதில் 164 சர்ஜரிக்குப் பிறகு வந்தவை!

இப்போது என்ன சிக்கல்?

இன்று இது வழக்கமான சிகிச்சை. அதுவே ஒரு தப்பான நம்பிக்கையையும் கிளப்பிவிட்டது: ‘சர்ஜரி செய்தால் பந்தின் வேகம் கூடும்’. உண்மையில் இது கிழிந்ததைச் சரிசெய்யும் வழி மட்டுமே. ஓய்வே இல்லாமல் பந்து வீசும் டீன் ஏஜ் பிட்சர்களும் அமெரிக்காவில் இப்போது ஆபரேஷன் டேபிளுக்கு வருகிறார்கள். பிள்ளைகளை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள் என்று வெளிப்படையாகப் பேசிவருபவர்களில் ஒருவர், டாமி ஜானேதான்.