மிளா கத்தினால்

புலியும் சிறுத்தையும் காட்டில் கண்ணில் படுவது அரிது. அவை நடமாடுவதை இரை விலங்குகளின் எச்சரிக்கைக் குரல்தான் காட்டிக்கொடுக்கும். 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அங்கே இந்தக் குரல்கள் பலவும் கேட்கும்.

மர உச்சியில் இருக்கும் கருமந்திக்குப் பதுங்கி வரும் விலங்கு எளிதில் தெரிந்துவிடும். உடனே உரக்கக் குரல் கொடுக்கும். கேளையாடு நாய் குரைப்பதுபோல் கத்தும். ஆனால் மனித வாடைக்கும் அது கத்துவதால், அதை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது.

நாஞ்சில் நாட்டில் மிளா எனப்படும் கடமானின் குரலே வலுவான சாட்சி. வால் நிமிர்ந்திருக்கும், இரு செவிகளும் ஒரே திசையில் குவிந்திருக்கும். முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டி, 'பாங்' என்று அது ஒலியெழுப்பும். ஓடாமல் நின்று கத்துவதற்குக் காரணம் உண்டு. பதுங்கிப் பாயும் விலங்குக்கு மறைவே பலம். தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பெரும்பாலும் அது வேட்டையைக் கைவிட்டுவிடும்.

கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் காட்டோரமாக நடப்பவர்கள், மிளா விடாமல் கத்தினால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.