பார்டர்தானே என்று இருந்துவிடாதீர்கள்!

"எனக்கு சுகரெல்லாம் இல்லீங்க, பார்டர்லதான் இருக்காம்!"

கோயில் பிரகாரத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. சொல்பவர் முகத்தில் பரீட்சையில் தப்பித்துவிட்ட நிம்மதி. சகோதரிகளே, அந்த நிம்மதியோடு ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டால் ஆபத்துதான். பால் பொங்கி விளிம்புக்கு வரும் நேரம் அது. அடுப்பைத் தணித்தால் பால் மிஞ்சும்.

பார்டர் என்றால் என்ன?

வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் சரி. 126-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். இடையில் உள்ள 100 முதல் 125 வரைதான் பார்டர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் இது 5.7 முதல் 6.4 வரை. ரத்தசோகை இருந்தால் இந்தச் சோதனை சற்று மாறிக் காட்டக்கூடும். இரும்புச் சத்து குறைவு உள்ளவர்கள் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பு சேரும்போது இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. ஈடுகட்டக் கணையம் இரட்டிப்பாக உழைக்கிறது. அது களைத்துப் போவதற்குள் நாம் பாரத்தைக் குறைக்க வேண்டும்.

குறைத்தால் பலன் உண்டா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் பார்டரில் இருந்த 531 பேரை வைத்து ஆராய்ந்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நம் ஊர்ச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களிடம் கண்ட கணக்கு இது!

தட்டில் என்ன மாற்றலாம்?

என் நாத்தனாருக்கு 42 வயதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்தது. எடை 68 கிலோ. "அண்ணி, சோத்தைக் குறைச்சா மயக்கம் வருமே!" என்றாள். "வயித்தைக் காயப்போடச் சொல்லலேம்மா. சோறு இருந்த இடத்துல கீரையையும் சுண்டலையும் வை" என்றேன். டாக்டரின் ஆலோசனையோடு அவள் செய்தவை இவைதான்:

* சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று சோறு போட்டுக்கொள்வதுதானே நம் பழக்கம்? மொத்தமே ஒரு கிண்ணம் சோறு எடுத்து, அதையே மூன்றாகப் பிரித்துக்கொண்டாள். ஒரு கிண்ணம் சோற்றிலேயே சுமார் 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது.

* தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், கால் பங்கு சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது.

* மூன்று வேளை காபிக்கு இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் மாதம் ஏறத்தாழ ஒரு கிலோ! வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து, ஒரு மாதத்தில் நிறுத்தினாள். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரையை ஏற்றுபவைதான். அவற்றுக்கு மாறுவதில் பிரயோஜனமில்லை.

* "கேழ்வரகுதானே, சப்பாத்திதானே" என்று எண்ணிக்கை பார்க்காமல் சாப்பிடுவதை விட்டாள். அவற்றிலும் மாவுச்சத்து உண்டு.

* குழந்தைகள் தட்டில் மிஞ்சியதை "வீணாகுதே" என்று வாயில் போட்டுக்கொள்வதை நிறுத்தினாள். முதலிலேயே குறைவாகப் பரிமாறினால் மிச்சமே இருக்காது, இல்லையா?

நடப்பது தனி வேலையா?

"நாள் முழுக்க வீட்டுல நடந்துகிட்டுத்தானே இருக்கேன்?" என்று கேட்பீர்கள். நின்று நின்று நடப்பதற்கும், மூச்சு சற்று வாங்க விடாமல் நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் போதும். மாலை நேரமில்லையா? ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நடங்கள். வேலை செய்யும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உடல் எடையில் 100-க்கு 5 முதல் 7 பங்கு குறைந்தாலே நல்ல பலன் தெரியும். இரவில் ஏழு மணி நேரத் தூக்கமும் அவசியம்.

ஆறு மாதம் கழித்து நாத்தனாரின் எடை 63 கிலோ, சர்க்கரை 97. "இனி லட்டு சாப்பிடலாமா அண்ணி?" என்றாள். பழைய வழக்கம் திரும்பினால் சர்க்கரையும் திரும்பும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். பண்டிகைக்கு ஒன்று சரி. டப்பாவோடு பக்கத்தில் வைத்துக்கொள்வது கூடாது.

இளம் தாய்மார்கள் கவனிக்க

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்து, பிரசவத்தோடு போய்விட்டதா? மகிழ்ச்சி. ஆனால் அப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதே கேட்டுவிடலாம். பிறகு வருடா வருடம் பாருங்கள். தாய்ப்பால் கொடுப்பது உங்களுக்கும் நல்லது. பிரசவ மருந்து, லேகியம், நெய்ச்சோறு என்று பெரியவர்கள் அன்போடு தந்தாலும் அளவோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். 'பத்தே நாளில் சர்க்கரை ஓடும்' என்று விற்கும் பொடிகளுக்குப் பணத்தை இறைக்கவும் வேண்டாம்.

பீரோவில் உள்ள அந்த ரிப்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வருடம் தாண்டியிருந்தால் இந்த வாரமே மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துப் பரிமாறும் நாம், நம் தட்டையும் ஒரு நிமிடம் பார்த்துக்கொள்வோமே!