பான்ஃப் போனால் காரை எங்கே விடுவது?

பான்ஃப் ஊரை ஒட்டியே ஒரு சின்ன மலை நிற்கிறது. பெயர் டனல் மவுண்டன், சுரங்க மலை. எவ்வளவு தேடினாலும் அதில் சுரங்கம் கிடைக்காது. 1880-களில் கனடிய பசிபிக் ரயில்பாதைக்கு அளவெடுக்க வந்தவர்கள் மலையைக் குடைந்து நேராகப் போவதாகத் திட்டம் போட்டார்கள். பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போக லேசான வழி ஒன்று இருப்பது அப்புறம்தான் தெரியவந்தது. சுரங்கத்தைக் கைவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வாடகைக் காரில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிகளில் பலர் முதல் நாள் செய்வதும் இதே தப்புதான். ஏரியோ வெந்நீர் ஊற்றோ, நேராக ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். பான்ஃப் வந்து சேரும்வரை கார் உதவும். ஊருக்குள் நுழைந்த பிறகு அது சுமை.

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுவோம். டொராண்டோவில் பிள்ளைகளிடம் வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாக்கள், “கனடாவுக்குள்தானே, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே” என்பது வழக்கம். அந்த ஒரு எட்டு சாலை வழியில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். விமானத்தில் கல்கரி போக நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கல்கரியிலிருந்து மேற்கே சுமார் 125 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரச் சாலைப் பயணம். விமான நிலையத்திலிருந்தே பான்ஃபுக்குப் பேருந்துகள் உண்டு. ரயில் மட்டும் கிடையாது. ரயில்காரர்களால் உருவான ஊருக்கு அன்றாடப் பயணிகள் ரயில் 1990-லேயே நின்றுவிட்டது. இப்போது நிலையத்தில் வந்து நிற்பது விலை உயர்ந்த சுற்றுலா ரயில்தான். சரக்கு வண்டிகள் நிற்காமல் கடந்துபோகும்.

ரயில்காரர்களால் உருவான ஊர் என்றதற்குக் காரணம் இருக்கிறது. 1883-இல் ரயில்பாதைத் தொழிலாளர்கள் மூன்று பேர் ஒரு குகைக்குள் வெந்நீர் ஊற்றைக் கண்டார்கள். ஸ்டோனி நகோடா முதலிய பூர்வகுடிகளுக்கு அது வெகு காலமாகத் தெரிந்த இடம்தான். ஊற்று யாருக்குச் சொந்தம் என்று தகராறு எழுந்தபோது, 1885-இல் அரசாங்கம் 26 சதுர கிலோமீட்டரை ஒதுக்கித் தன் வசம் எடுத்துக்கொண்டது. அதுதான் வளர்ந்து, இன்று 6,641 சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருக்கும் கனடாவின் முதல் தேசியப் பூங்கா.

ஊர் பூங்காவின் வாசலில் இல்லை, பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. நெரிசலுக்கு மூலகாரணம் இதுதான். ஊரின் பரப்பு சுமார் 4 சதுர கிலோமீட்டர். நிலம் அரசுடையது, வீடும் கடையும் குத்தகை மண்ணில் நிற்பவை. அங்கே வேலையோ தொழிலோ உள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தாரும்தான் பொதுவாகக் குடியிருக்கலாம். எட்டாயிரம் பேர் சொச்சம் வாழும் இந்த இடத்தை மையமாக வைத்து ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் பூங்காவுக்கு வந்துபோகிறார்கள். வேறு ஊராக இருந்தால் எல்லையைத் தள்ளிவைத்துப் புறவழிச்சாலை போட்டிருப்பார்கள். இங்கே எல்லைக்கு அந்தப் பக்கம் கரடியின் இடம்.

போதாததற்கு நடுவில் போ ஆறு ஓடுகிறது. கடைத்தெருவும் பெரும்பாலான விடுதிகளும் வடகரையில். மேல் வெந்நீர்க் குளம், சல்ஃபர் மலைக்கு ஏறும் ரோப் கார், 1888-இல் ரயில் நிறுவனம் திறந்த கோட்டை போன்ற பான்ஃப் ஸ்பிரிங்ஸ் விடுதி, ஆதி ஊற்று உள்ள குகை எல்லாம் தென்கரையில். ஊருக்குள் கார்கள் ஆற்றைக் கடக்க 1923-இல் கட்டிய ஒரே ஒரு பாலம்தான் உண்டு. ஜூலை மாத மதியத்தில் அந்தப் பாலத்துக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் நகராட்சி 2013-இல் ஒன்று, 2022-இல் ஒன்று என இரண்டு தனிப் பாலங்கள் கட்டியிருக்கிறது. காரோடு வந்தவர் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் நடந்துபோகிறவர் அக்கரை சேர்ந்திருப்பார்.

ஆக, கார் வந்துவிட்டது, என்ன செய்வது? ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சுமார் 500 கார்கள் நிற்கும் இலவச நிறுத்தம் இருக்கிறது. அங்கே விட்டுவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால் கடைத்தெரு. கடைத்தெருவிலேயே நிறுத்தினால் கட்டணம். தெருக்கள் நடக்கத் தோதானவை, பெயர்களும் வேடிக்கையானவை: கரடித் தெரு, ஓநாய்த் தெரு, முயல் தெரு, அணில் தெரு, நீர்நாய்த் தெரு. கரடித் தெருவை அண்மையில் திருத்தியமைத்து, நடப்பவர்களுக்கு முதலுரிமை தந்து, கார்களை ஊர்ந்துபோக வைத்திருக்கிறார்கள்.

மற்றபடி ரோம் என்ற பேருந்துச் சேவையை நம்பலாம். 2008-இல் தொடங்கியது. 1-ஆம் எண் வெந்நீர்க் குளத்துக்கும் ரோப் காருக்கும் போகும். 2-ஆம் எண் டனல் மவுண்டன் கூடாரத் தளங்களையும் பான்ஃப் ஸ்பிரிங்ஸ் விடுதியையும் இணைக்கும். கோடையில் 6-ஆம் எண் மின்னிவாங்கா ஏரிக்கு. பக்கத்து ஊரான கான்மோருக்கு 3. விடுதி வாடகை பான்ஃபில் கட்டுப்படியாகாதவர்கள் கான்மோரில் தங்கி இந்த 3-ஐப் பிடிப்பது உண்டு. சில விடுதிகள் தங்குபவர்களுக்கு உள்ளூர்ப் பேருந்து பாஸ் தருகின்றன. கேட்டால்தான் கிடைக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். பேருந்தில் வந்தாலும் பூங்கா நுழைவுச் சீட்டு தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி பெரிய தலைவலி: ஏரிகள். லூயிஸ் ஏரி பான்ஃபிலிருந்து 57 கிலோமீட்டர். கரையில் கட்டண நிறுத்தம் உண்டு. கோடையில் விடியும் முன்பே நிரம்பிவிடும். அதற்கு அப்பால் மொரெய்ன் ஏரி. பத்துச் சிகரங்கள் வளைத்து நிற்க, பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவந்த மாவு கலந்ததால் நம்பமுடியாத நீலத்தில் கிடக்கும் நீர். கனடாவின் பழைய 20 டாலர் நோட்டில் அச்சாகியிருந்த காட்சி இது. இங்கே 2023 முதல் சொந்தக் காருக்கும் வாடகைக் காருக்கும் அனுமதி இல்லை. மாற்றுத் திறனாளி நிறுத்த அட்டை உள்ள வண்டிகளுக்கு விலக்கு உண்டு, சைக்கிளில் போகலாம். மற்றவர்களுக்குப் பேருந்துதான். அதுவும் ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரைதான். மற்ற மாதங்களில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையையே மூடிவிடுவார்கள்.

பூங்கா நிர்வாகத்தின் பேருந்து லூயிஸ் ஏரிக்கு அருகே பனிச்சறுக்குத் தளத்தின் நிறுத்தத்திலிருந்து புறப்படுகிறது. இடங்களில் ஒரு பகுதியை வசந்த காலத்தில் மொத்தமாக முன்பதிவுக்கு விடுகிறார்கள், அன்றே பறந்துவிடும். மனம் தளர வேண்டாம். பெரும்பகுதியைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறப்பதுதான் இதுவரை நடைமுறை. மலைப்பகுதி நேரப்படி 8 மணி என்றால் டொராண்டோவில் 10. கோடைக்காலத்தில் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு ஏழரை. தட்கல் டிக்கெட்டுக்குப் பழகிய விரல்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஓர் ஏரிக்குச் சீட்டு எடுத்தால் இரண்டு ஏரிகளுக்கும் இடையே ஓடும் இணைப்புப் பேருந்திலும் ஏறிக்கொள்ளலாம். ஆகவே மொரெய்ன் கிடைக்கவில்லையென்றால் லூயிஸுக்கு எடுத்துப் பாருங்கள். மொரெய்ன் கரையில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது; சீட்டை முன்கூட்டியே படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கட்டுப்பாடுகள் எரிச்சலூட்டும்தான். ஆனால் சாலைகள் விலங்குகளுக்கும் சேர்த்துத் திட்டமிடப்பட்டவை என்பது தெரிந்தால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். கல்கரியிலிருந்து வரும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நீள்கிற உயர்ந்த வேலியைக் கவனியுங்கள். நடுநடுவே புல்லும் மரமும் முளைத்த மேம்பாலங்கள் குறுக்கிடும். அவற்றில் மனிதர் ஏறுவதில்லை. கரடி, ஓநாய், மான் கடப்பதற்காகக் கட்டியவை. சாலைக்கு அடியிலும் பல வழிகள் உண்டு. வேலியும் கடவைகளும் வந்தபின் விலங்குகள் அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. பழைய சாலையான போ பள்ளத்தாக்குப் பாதையிலோ, மார்ச் தொடங்கி ஜூன் கடைசி வாரம் வரை ஒரு பகுதியில் இரவு 8 முதல் காலை 8 வரை வண்டிகள் ஓடக் கூடாது. அந்தப் பன்னிரண்டு மணி நேரம் சாலை விலங்குகளுக்கு.

ஊருக்குள்ளும் அவை வரும். எல்க் மான் தெருவில் மேய்ந்தால் செல்ஃபி எடுக்கக் கிட்டே போகாதீர்கள். குட்டி ஈனும் மே, ஜூனில் தாய்களும், இணைசேரும் செப்டம்பரில் ஆண்களும் முட்டும். மானுக்கு 30 மீட்டர், கரடிக்கு 100 மீட்டர் விலகி நிற்பது விதி. கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பானை விமானத்தில் பெட்டியில்கூட வைக்க விடமாட்டார்கள். பான்ஃபில் வாடகைக்கே கிடைக்கிறது. மொரெய்ன் ஏரியை ஒட்டிய சில நடைபாதைகளில் சில பருவங்களில் குறைந்தது நாலு பேர் நெருங்கிச் சேர்ந்துதான் போக வேண்டும் என்று சட்டமே போடுவார்கள். தனியாக வந்தவர்கள் பாதை முகப்பில் நின்று துணை தேடுவதைப் பார்க்கலாம். கூச்ச சுபாவிகளுக்கு இது கொஞ்சம் சோதனை.

கார் உண்மையாகவே தேவைப்படும் இடம் ஒன்றுதான்: லூயிஸ் ஏரியிலிருந்து ஜாஸ்பருக்குப் போகும் 230 கிலோமீட்டர் பனிவயல் நெடுஞ்சாலை. வழியில் பெட்ரோல் கிடைப்பது சஸ்காச்சுவான் கிராசிங்கில் மட்டும், அதுவும் குளிர்காலத்தில் கிடைக்காது. தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

மற்ற நாட்களுக்கெல்லாம் பேருந்து போதும், கடைசி வண்டி எப்போது என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொண்டால். வானத்தைப் பார்த்து நேரத்தைக் கணிக்காதீர்கள். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஏரிக்கரையில் பேருந்து இருக்காது.