கருவில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு: பொறுப்பு யாருக்கு?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

இங்கிலாந்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கு 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு வந்தது. அவள் வயிற்றில் இருந்த காலம் முழுவதும் தாய் அளவுக்கு மீறி மது அருந்தியிருந்தாள். பிள்ளை மூளை வளர்ச்சிக் குறைபாட்டுடன் பிறந்தது. குற்றச் செயல்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் இழப்பீடு இந்தப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்று, அவளைப் பராமரித்த உள்ளாட்சி நிர்வாகம் அவள் சார்பில் கேட்டது.

குற்றம் நடந்திருந்தால்தான் அந்த இழப்பீடு கிடைக்கும். எனவே, கர்ப்பிணி மது அருந்துவது குற்றமா என்பதே கேள்வியாயிற்று.

நீதிமன்றம் சொன்னது

1861ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, வேறொரு நபருக்கு நஞ்சு கொடுத்துக் கடுமையான தீங்கு விளைவிப்பதைக் குற்றம் என்கிறது. மது நஞ்சு, பிள்ளைக்குத் தீங்கும் நேர்ந்துவிட்டது என்று வாதிடப்பட்டது. ஆனால் கருவில் உள்ள சிசு அந்தச் சட்டத்தின் பொருளில் 'வேறொரு நபர்' அல்ல என்று மூன்று நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். இழப்பீடு மறுக்கப்பட்டது.

அந்நாட்டின் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறர் செய்த தவறால் குறைபாட்டுடன் பிறந்த பிள்ளை அவர்கள் மீது வழக்குத் தொடுக்கலாம். ஆனால் பெற்ற தாய் மீது தொடுக்க முடியாது. அவள் வாகனம் ஓட்டும்போது கவனக்குறைவால் நேர்ந்த தீங்கு மட்டுமே விதிவிலக்கு.

தாயைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று வாதிட்டவர்கள் சொன்ன காரணம் யோசிக்க வேண்டியது. தண்டனைக்குப் பயந்தால் பெண்கள் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், பரிசோதனைக்கே வர மாட்டார்கள், அதனால் பிள்ளைக்குத்தான் இன்னும் கேடு என்றார்கள்.

மார்க்கத்தில் சிசுவின் உரிமை

நம் ஷரீஅத் வயிற்றில் உள்ள பிள்ளையை வெறும் தசைப்பிண்டமாகப் பார்க்கவில்லை. தந்தை இறந்துபோனால் கருவில் உள்ள பிள்ளைக்காகச் சொத்தில் பங்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. அதன் பேரில் வஸிய்யத் செய்யலாம். சிசுவுக்கு உரிமைகள் உண்டு, கடமைகள் இல்லை என்று உஸூலுல் ஃபிக்ஹு நூல்கள் விளக்குகின்றன.

ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டபோது, ஒருத்தி எறிந்த கல்லால் மற்றவளின் வயிற்றுச் சிசு இறந்தது. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிசுவுக்கு 'ஃகுர்ரா' எனும் நஷ்டஈட்டை விதித்தார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. முழு தியத் 100 ஒட்டகங்கள் என்றால் ஃகுர்ராவின் மதிப்பு 5 ஒட்டகங்கள் என ஃபுகஹாக்கள் கணக்கிட்டனர்.

தாயே மருந்து குடித்துக் கருவைக் கலைத்தால்? அவள் மீதும் ஃகுர்ரா கடமையாகும், அதில் அவளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது என்று இமாம் இப்னு குதாமா (ரஹ்) 'அல்முக்னீ'யில் விளக்குகிறார். பெற்றவள் என்பதால் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

இந்தச் சட்டம் சிசு இறந்துபோவதைப் பற்றியது. உயிரோடு பிறந்து குறைபாட்டுடன் வாழும் பிள்ளைக்கு இதை அப்படியே பொருத்தி யாரும் வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. காரணம் மதுதான் என்று நிரூபணமாக வேண்டும். விசாரிப்பது காழியின் வேலை. ஆனால் மறுமைக் கேள்வி இந்த நிரூபணத்துக்காகக் காத்திருக்காது.

தாய் மட்டுமா?

மது தொடர்பாகப் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்த ஹதீஸ் திர்மிதீயில் உள்ளது. குடிப்பவர் அவர்களில் ஒருவர்தான். பிழிபவர், சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் என்று பட்டியல் நீள்கிறது. இங்கிலாந்து வழக்கில் கேள்வி தாயோடு நின்றது. நம் மார்க்கமோ அவள் கைக்குக் குவளை வந்த வழி முழுவதையும் விசாரிக்கிறது.

கணவனின் பொறுப்பும் இதில் சேரும். தலாக் சொல்லப்பட்ட பெண் கர்ப்பிணியாக இருந்தால்கூட, பிரசவம் வரை அவளுக்குச் செலவழிக்கும்படி குர்ஆன் (65:6) கட்டளையிடுகிறது. அப்படியானால் மணவாழ்வில் இருக்கும் மனைவியை எப்படிக் காக்க வேண்டும்! அவள் பக்கத்தில் புகைப்பவரும், குடித்துவிட்டு வந்து அவளை அடிப்பவரும் தம் பிள்ளைக்கே தீங்கு செய்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

'நம் வீடுகளில் இந்தப் பேச்சே இல்லையே' என்று கடந்துபோக வேண்டாம். குடி நம் மஹல்லாக்களுக்குள் நுழையவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? கருவுக்குப் பாதுகாப்பான மதுவின் அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. அதனால் உண்டாகும் மூளைப் பாதிப்பைப் பின்னர் மருந்தால் சரிசெய்ய முடியாது. ஆனால் கர்ப்பத்தின் எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அது பிள்ளைக்கு நன்மையே.

இந்தப் பழக்கத்தில் சிக்கிய பெண் யாராவது இருந்தால், அல்லது கரு உண்டானது தெரியாமல் குடித்துவிட்டு அஞ்சிக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். பாவத்தை ஊரறியச் செய்யாமல் மறைப்பது மார்க்கம் விரும்பும் பண்பு. சிகிச்சைக்காக மருத்துவரிடம் சொல்வது அதற்கு முரணாகாது. நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது.

விபச்சாரத்தை ஒப்புக்கொண்டு வந்த ஃகாமிதிய்யா பெண்மணி கர்ப்பமாக இருந்தார். பிரசவமாகிப் பிள்ளை பால்குடி மறக்கும் வரை நபி (ஸல்) அவர்கள் தண்டனையை நிறுத்தி வைத்ததை முஸ்லிமில் படிக்கிறோம். குற்றம் உறுதியான இடத்திலும் முதலில் பிள்ளையின் நலனைத்தான் பார்த்தார்கள். தாயைத் தூற்றுவதில் நேரத்தைக் கழிக்காமல், பிள்ளையைக் காப்பதற்கு முந்துவதே அந்த முன்மாதிரி.

குறைபாட்டுடன் பிறந்துவிட்ட பிள்ளை யாருடைய தவறுக்கும் பொறுப்பல்ல. அதன் படிப்புக்கும் பராமரிப்புக்கும் குடும்பமும் ஜமாஅத்தும் தோள் கொடுக்க வேண்டும். நம் சந்ததிகளை அல்லாஹ் கருவிலும் வெளியிலும் பாதுகாப்பானாக! ஆமீன்.